சாமிப் பெட்டியில் வைத்த கார்டு

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். எங்கள் குலசாமிக்குச் சிலை கிடையாது. ஒரு மரப்பெட்டிதான் சாமி. அதற்குள் சாமியின் பட்டு, வெண்கல மணி, சின்ன அரிவாள், திருநீற்றுப் பை இவ்வளவும் இருக்கும். வருடம் முழுக்க அது பெட்டி வீட்டில் பூட்டிக் கிடக்கும். மாசி மாதம் சிவராத்திரி அன்றைக்குக் காலையில்தான் பூசாரி குளித்து விரதமிருந்து திறப்பார். பங்காளிகள் ஒருத்தர் குறையாமல் நிற்க வேண்டும். பிறகு பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடப்போம். மறுநாள் திரும்பி வந்து பூட்டினால் அடுத்த சிவராத்திரிதான்.

அந்தப் பெட்டிக்குள் என்னுடைய எம்ப்ளாய்மெண்ட் கார்டை வைத்தோம். வைத்தது என் அய்யா. வைக்கச் சம்மதித்தது நான். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, சாமியை நிச்சயமாக இல்லை. இன்றைக்கும் குளித்துத் திருநீறு பூசாமல் நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தேன். படிப்பு முடிந்த சில மாதத்தில் மதுரையில் ஒரு அரசாங்க பஸ் ஒர்க்ஷாப்பிலிருந்து கடிதம் வந்தது. ஒரு வருடம் அப்ரண்டிஸாக வரச் சொல்லி. ஐ.டி.ஐ. முடித்தவனைச் சேர்த்துக்கொண்டு, வேலையும் வாங்கி, தொழிலும் சொல்லிக் கொடுத்து, மாதா மாதம் ஒரு தொகையும் கொடுக்க வேண்டும் என்று கவர்மெண்டில் சட்டம் இருந்தது. கொடுப்பதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, ஸ்டைபண்டு. அப்ரண்டிஸ், ஸ்டைபண்டு இரண்டு சொல்லுமே எங்கள் ஊர் வாயில் நுழையவில்லை. எங்கள் ஊர் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது.

"அவரு மகன் கவர்மெண்டு பஸ்ல இருக்கான்."

இருக்கான் என்றால் இருக்கான்தான். எத்தனை நாளைக்கு என்று அந்தச் சொல்லில் கிடையாது.

சேர்கிற அன்றைக்கு அய்யாவும் வந்தார். எனக்கு வயது பற்றவில்லை என்று தகப்பன் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். ஆபீசில் கிளார்க் ஒருத்தர் நாலைந்து பக்க ஒப்பந்தத்தை நீட்டினார். எல்லாம் இங்கிலீஷ். அய்யா கட்டை விரலை மைத்தட்டில் வைத்தபடி கேட்டார்.

"என்னங்கய்யா எழுதியிருக்கு இதுல?"

"ஒரு வருஷம் ஒழுங்கா வேல கத்துக்கணும், எடையில ஓடிறக் கூடாதுன்னு எழுதியிருக்கு பெரியவரே."

"ஓட மாட்டாங்கய்யா. நான் பொறுப்பு," என்று சொல்லி அழுத்தி வைத்தார். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். படித்திருக்கலாம். கிளார்க்குக்கு முன்னால் நின்று படிப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டேன்.

ஒர்க்ஷாப்பில் பிட்டு என்று ஒரு பள்ளம் உண்டு. பஸ் மேலே நிற்கும், நாங்கள் பள்ளத்துக்குள் நின்று அண்ணாந்து வேலை பார்ப்போம். முதல் நாளே என் நெற்றித் திருநீற்றின் மேல் ஆயில் சொட்டியது. எங்களுக்கு மேல் இருந்த மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"ஏப்பா, அபிஷேகம் ஆயிருச்சா? அப்ப பிரசாதம் குடுப்பா எல்லாத்துக்கும்."

அன்றையிலிருந்து அங்கே எனக்குச் சாமி என்றே பெயர். "சாமி, பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எடு", "சாமி, டீ என்னாச்சு". நான் கோபப்பட்டதே இல்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

என்னோடு சேர்ந்த இன்னொருத்தன் சௌராஷ்டிராக்காரன். வீட்டில் அவர்கள் பாஷை பேசுவார்கள், வெளியே வந்தால் எங்களைவிடச் சுத்தமான மதுரைப் பேச்சு. ஆரப்பாளையம் பக்கம் நான் பிடித்திருந்த அறைக்குச் சாயங்காலம் வந்துவிடுவான். அன்றன்றைக்குச் செய்த வேலையை டைரியில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம். ஒரு நாள் முழுக்க டீ வாங்கிக் கொடுத்ததைத் தவிர வேறு வேலை தரவில்லை. அவன் டைரியில் எழுதினான்: 'சூடான திரவம் உரிய இடங்களுக்குக் கொண்டு சேர்க்கப்பட்டது.' மெக்கானிக் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம்.

மற்ற நாளெல்லாம் வேலை இருந்தது. ஸ்பிரிங் பட்டை கழற்றுவது, பிரேக் லைனிங் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது. வாரத்தில் ஒரு நாள் வகுப்பு. கை பழகப் பழக எனக்கு ஒரு கிறுக்கு வந்தது. உசிலம்பட்டிக்கு ஓடுகிற ஒரு பஸ்ஸுக்கு நான் பட்டை மாற்றியிருந்தேன். ஊருக்குப் போகும்போது அந்த பஸ் வருகிற வரைக்கும் காத்திருந்து ஏறுவேன். பின் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்திலும் காதைக் கொடுத்துக் கேட்பேன். சத்தமில்லாமல் போனால் மனசுக்குள் சாமிக்கு ஒரு கும்பிடு. இந்த பஸ்ஸெல்லாம் நம்முடையது, சாகிற வரைக்கும் இதற்குக் கீழேதான் நிற்கப் போகிறோம் என்று யாரும் சொல்லாமலே முடிவு செய்துகொண்டேன்.

பத்தாவது மாதம் எனக்குப் பெண் பேசினார்கள். சொந்தத்தில்தான். மாமனாராக வரவேண்டியவர் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார்.

"மாப்ள பெர்மனென்ட்டுதானே?"

அய்யா சொன்னார், "கவர்மெண்டு பஸ்ல இருக்கான்ல."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அய்யாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். என் வாயிலும் வெற்றிலை இருந்தது. மென்றுகொண்டே தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் உண்மையாகப் போகிறதைத்தானே சொல்லாமல் விடுகிறோம், இதில் என்ன பாவம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது.

வருடம் முடிந்தது. பரீட்சை வைத்தார்கள், இரண்டு பேரும் பாஸ். கடைசி நாள் கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நான் அதே கிளார்க்கிடம் போய், "நாங்க என்னைக்கு சார் வரணும்?" என்று கேட்டேன். அவர் பைலை எடுத்து அய்யாவின் ரேகை இருந்த பக்கத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்துத் தமிழில் சொன்னார். பயிற்சி முடிந்தவனுக்கு வேலை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிர்வாகத்துக்குக் கிடையாது. கொடுத்தால் வந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் பயிற்சி பெற்றவனுக்கும் கிடையாது.

பின்னால் நின்ற மெக்கானிக், "பாத்தியா சாமி, ஒனக்கும் கட்டாயமில்ல. வேணாம்னு சொல்ற உரிமை ஒனக்கு இருக்கு," என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவரே பிறகு வெளியே வந்து, தோளில் கை போட்டுச் சொன்னார். "எடம் காலியாகும்போது எம்ப்ளாய்மெண்ட் ஆபீசுலதான் பேர் கேப்பாங்க. அங்க பதிஞ்சு வையி. பதிவு வரிசைப்படி பேர் வரும். இங்க ட்ரெய்னிங் எடுத்தவன்னா முன்னுரிமை. கார்ட மட்டும் பத்திரமா வச்சுக்க. அதுதான் ஒனக்கு எல்லாம்."

மார்கழியில் நானும் நண்பனும் ஒரே நாளில் ஒரே வரிசையில் நின்று பதிந்தோம். நான் முன்னால், அவன் பின்னால். என் நம்பருக்கு அடுத்த நம்பர் அவனுக்கு. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கார்டைக் கொண்டு வந்து ரினிவல் செய்ய வேண்டும், தவறினால் பதிவு போய்விடும் என்று சொல்லி, அந்த மாதத்தைக் கார்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

மெக்கானிக் கார்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் அய்யாவிடம் சொன்னேன். கார்டைப் பத்திரமாக வைக்க வேண்டும், அதுதான் எல்லாம் என்று. அய்யாவுக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் பத்திரமான இடம் என்று ஒன்று இல்லை. கூரையில் எலி, டிரங்குப் பெட்டியில் கறையான். அந்த மாசிச் சிவராத்திரிக்குப் பெட்டி திறந்தபோது, கார்டை மஞ்சள் துணியில் சுற்றிப் பூசாரி கையில் கொடுத்தார்.

"மகனுக்குப் பெரிய வேலைக்கு எழுதிப் போட்ருக்கு. ஆர்டர் வந்ததும் எடுத்துக்கிருவோம். அதுவரைக்கும் சாமிகிட்ட இருக்கட்டும்."

பங்காளிகள் எல்லாரும் கும்பிட்டார்கள். கவர்மெண்டில் இருக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய வேலை வரப்போகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. சாமியே வாங்கி வைத்துக்கொண்டது என்று நம்பினேன். என் பெண்சாதி மட்டும் திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, எடையில வேணும்னா எப்படி எடுப்பீக?"

"எடையில என்னத்துக்கு வேணும்?" என்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு மதுரை அறையில் என்னோடுதான் இருந்தாள், அவளுக்கு அதற்குள் விஷயம் தெரியும். கல்யாணமான இரண்டாம் மாதமே நான் சீருடையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனதைப் பார்த்தவள். அவனியாபுரத்தில் லாரி வேலை பார்க்கிற ஒரு தனியார் ஒர்க்ஷாப்பில் சேர்ந்திருந்தேன். இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்கிற இடம். ஊருக்கு அது தெரியாது. அவள் அப்பாவுக்கும் தெரியாது. மதுரையில்தான் இருக்கிறேன், கையில் கிரீஸ் இருக்கிறது, அதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்? அவளும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதே என்று நான் சொன்னதும் இல்லை.

அடுத்த சிவராத்திரியிலும், அதற்கடுத்த சிவராத்திரியிலும் கார்டை வெளியே எடுத்துச் சந்தனம் பூசித் திரும்ப உள்ளே வைத்தார்கள். மூன்றாவது மார்கழி வந்தது. ஒரு நாள் மத்தியானம் நண்பன் அவனியாபுரத்துக்குச் சைக்கிளில் வந்தான்.

"மாப்ள, ரினிவல் மாசம் வந்துருச்சு. நாளைக்கு அந்தப் பக்கம் போறேன். ஒங் கார்டையும் குடு, சேத்துப் போட்டுட்டு வாரேன்."

"நான் போட்டுட்டேன்டா."

"எப்ப?"

"போன வாரம்."

"சொல்லவே இல்ல பாரு. பெரிய ஆளுடா நீ," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சாமிப் பெட்டியில் இருக்கிறது என்றால் சிரிப்பானே என்று கூச்சம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் எடுத்துவிட்டால் பொய்யும் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். வெற்றிலையை மென்றபோது போட்ட அதே கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அய்யா காட்டில் சோளத்தட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா, அந்தக் கார்ட எடுக்கணும்."

"ஆர்டர் வந்துருச்சா?" அவர் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"இல்லய்யா. அதுல ஒரு சீல் அடிக்கணும். இந்த மாசம் அடிக்காட்டிப் பதிவு போயிரும்."

"சாமிகிட்ட இருக்கறது எங்கிட்டுப்பா போகும்?"

ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பூசாரி எனக்குப் பெரியப்பா முறை. நல்ல மனிதர். பெட்டியைத் திறக்கவே கூடாது என்பார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"தொறக்கலாம்ப்பா. ஆபத்து அவசரத்துக்குத் தொறந்துருக்கு. பங்காளிக அம்புட்டுப் பேரும் கூடணும். என்ன காரியமாத் தொறக்கறோம்னு கூட்டத்துல சொல்லி சாமிகிட்ட உத்தரவு வாங்கணும். ஒம் வாயாலதான் சொல்லணும். நாளைக் காலையிலேயே கூட்டிருவமா?" பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார். "ஆமா, எம்புட்டுப் பெரிய வேலப்பா? சூப்பர்வைசரா?"

அய்யா என்னைப் பார்த்தார். அவருக்கும் நான் இப்போது பஸ் ஒர்க்ஷாப்பில் இல்லை என்பது தெரியாது. சம்பளம் கூடுகிற வேலைக்குத்தான் கார்டு என்றே அவரும் நம்பிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் நின்று நான் என்ன சொல்ல? எனக்கு வேலை இல்லை, மூன்று வருடமாக இல்லை, முதலில் இருந்ததும் வேலை இல்லை என்று சொல்ல வேண்டும். சாமியிடம் பொய் சொல்ல முடியாது. என் மாமனாருக்குத் தம்பி முறையானவரும் ஊரில் இருந்தார், சாயங்காலத்துக்குள் செய்தி போய்விடும். அய்யா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

"வேணாம் பெரியப்பா. சிவராத்திரிக்கே எடுத்துக்கிருவோம்," என்றேன்.

"அதான சொன்னேன், சாமிகிட்ட இருக்கறது எங்கிட்டுப் போகும்," என்றார் அய்யா, நிம்மதியாக.

சாமி தடுக்கவில்லை. பூசாரி தடுக்கவில்லை. பெட்டி வீட்டுக் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. வருடக்கணக்காக நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கெடு தாண்டினாலும் ஒரு மாதம் விட்டுப் பிடிப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். தை கடைசியில் கார்டு இல்லாமலே எம்ப்ளாய்மெண்ட் ஆபீசுக்குப் போனேன். நம்பர் மனப்பாடம். ஜன்னலுக்குள் இருந்தவர் கார்டைக் கேட்டார்.

"கார்டு இல்ல சார்."

"தொலஞ்சு போச்சா?"

"இல்ல சார். இருக்கு."

"இருந்தா எடுத்துட்டு வாய்யா."

"இப்ப எடுக்க முடியாது சார்."

"ஏன், பேங்க் லாக்கர்லயா வச்சிருக்க?"

"சாமி பெட்டியில சார்."

வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பாவம், இரக்கமுள்ள ஆள். ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "தொலைந்துவிட்டதுன்னு ஒரு வரி எழுதிக் குடு. டூப்ளிகேட் போட்டு ரினிவல் பண்ணித் தாரேன். இன்னைக்கு விட்டா நாளைக்கு நான் நெனச்சாலும் முடியாது."

ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் தாளை வைத்து, 'ஐயா, என்னுடைய பதிவு அட்டை' என்கிற வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. சாமி கையில் கொடுத்து வைத்திருப்பதைத் தொலைந்துவிட்டது என்று எழுதினால் என்ன அர்த்தம்? சாமி தொலைத்துவிட்டது என்றா? பெண் கேட்க வந்தவரை ஏமாற்றியவன் நான். நண்பனிடம் நாக்கூசாமல் பொய் சொன்னவன். அந்த ஒரு வரியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. இதை பக்தி என்று சொல்வதா, பைத்தியக்காரத்தனம் என்று சொல்வதா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாசியில் சிவராத்திரி வந்தது. பெட்டி திறந்தது. சீல் அடிக்க வேண்டும் என்று சொல்லிக் கார்டை வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் அதே ஜன்னல், அதே ஆள். சந்தன வாசம் அவருக்கும் அடித்திருக்கும். கார்டைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"புதுசாப் பதிஞ்சுக்க."

புதுக் கார்டு கொடுத்தார். வரிசையில் கடைசி. எனக்கு முன்னால் எத்தனை ஆயிரம் பேரோ. சாமிச் சந்தனம் பட்டது என்று சொல்லிப் பழைய கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வைகாசியில் நண்பன் என் அறைக்கு ஓடி வந்தான். கையில் ஒரு பொட்டலம் காராபூந்தி, சட்டைப் பையில் கடிதம். எங்கள் ஒர்க்ஷாப்பிலேயே வேலை.

"மாப்ள, எங்க ஒனக்கு வந்த லெட்டரு? எடு. எனக்கு முந்துன நம்பர் நீ. எனக்கே வந்துருச்சு, ஒனக்கு வராம இருக்குமா?"

அடுப்படியிலிருந்து என் பெண்சாதி வந்து வாசற்படியில் நின்றாள். இரண்டு பேரும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஓரமாக வைத்தான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லடா," என்றான். "தொலஞ்சு போச்சுன்னு நான் எழுதியிருப்பேனே. ஒங்க சாமிக்கு நான் பங்காளியா என்ன?"

அவன் போன பிறகு பொட்டலம் கிடந்தது. அவள்தான் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

ஆடியில் மாமனார் வந்தார். வரும்போதே முகம் சரியில்லை. உசிலம்பட்டியிலிருந்து ஏறிய பஸ்ஸில் கண்டக்டரிடம், என் மருமகன் உங்கள் டிப்போதான் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். என்ன பெயர், எந்த செக்‌ஷன் என்று அவன் கேட்டிருக்கிறான். டிரைவரையும் கேட்டுவிட்டு, இந்தப் பெயரில் யாரும் இல்லையே பெரியவரே என்று சொல்லியிருக்கிறான். பஸ் முழுக்கப் பார்த்திருக்கிறது.

"என்ன மாப்ள இது? அப்படி ஒரு ஆளே இல்லைங்கறான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மகள் சொன்னாள். "இருந்தாருப்பா. ஒரு வருஷம் இருந்தாரு."

அவர் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நான் கேட்டேன்ல மாப்ள, பெர்மனென்ட்டான்னு. வாயில வெத்தலை இருந்துச்சு ஒங்களுக்கு. துப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வருவார், போவார். ஆனால் எங்கள் வீட்டில் கை நனைக்கவே இல்லை.

அன்றைக்கு அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. செம்பிலிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து கேட்டாள். "வேல இல்லாத மாப்ள வேணாம்னு நான் சொன்னேனா? என்னையக் கேட்டீகளா? கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன், சரின்னு."

அடுத்த சிவராத்திரிக்கு ஊருக்குப் போனபோது அய்யா பெட்டி வீட்டு வாசலில் எனக்காக நின்றார். விஷயம் அரசல் புரசலாக ஊருக்குள் வந்திருந்தது. அவர் காதில் விழுந்ததா, விழுந்தும் காட்டிக்கொள்ளவில்லையா, தெரியாது. கையை நீட்டினார்.

"சீல் அடிச்சாச்சுல்ல? குடு, உள்ள வைப்போம்."

சட்டைப் பையில் இரண்டு கார்டும் இருந்தன. சிவப்புக் கோடு போட்டதை மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூசாரியிடம் கொடுத்தார். ஆர்டர் வந்ததும் எடுத்துக்கொள்வோம் என்று மறுபடி சொன்னார். அந்த வருடம் சொன்ன சொல்லையே அவர் உயிரோடு இருந்த வரைக்கும் ஒவ்வொரு சிவராத்திரிக்கும் சொன்னார்.

புதுக் கார்டை நான் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. மாதம் பிறந்த முதல் நாளே போய் ஜன்னலில் நிற்பேன். வயது வரம்பு தாண்டும் வரைக்கும் ஒரு கடிதமும் வரவில்லை. தாண்டிய பிறகும் பழக்கத்தில் இரண்டு தடவை போய்வந்தேன். அவனியாபுரத்தில்தான் காலம் போனது. உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் பின் சீட்டில்தான் உட்காருகிறேன். பட்டை சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். யாரிடம் சொல்ல?

இப்போது பூசாரியின் மகன் பெட்டி திறக்கிறார். எனக்குத் தம்பி முறை. ஒவ்வொரு சிவராத்திரிக்கும் அந்த மஞ்சள் துணியை எடுத்து, "அண்ணே, இத எடுத்துருவமா?" என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன், வேண்டாம், இருக்கட்டும் என்று. சந்தனம் பூசுகிறார்கள். கையைக் கூப்பிக் கண்ணை மூடி நிற்கிறேன். மற்றவர்கள் வாய்விட்டு என்னென்னவோ கேட்கிறார்கள், மழை, பிள்ளை, கல்யாணம். எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் வருவதில்லை. பூட்டு விழுகிற சத்தம் வரும் வரைக்கும் அப்படியே நின்றுவிட்டு வருகிறேன்.